சிவிலைசேஷன் 7: ஆறு கையில் இருக்கும்போது ஏழு தேவையா?

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணியைத் தாண்டாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான கேம்களுக்கு இந்த 2 மணி நேரம் தாராளம். டர்ன் டர்னாக (ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தி) ஒரு நாகரிகத்தை வளர்க்கும் வியூக கேமான சிவிலைசேஷன் 7-க்கு மட்டும் போதாது. இந்த கேம் நமக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்யும் இடம் ஒன்றே ஒன்றுதான், யுக மாற்றம், அதாவது ஆட்டத்தின் ஒரு காலகட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் தருணம். சாதாரண வேகத்தில் ஆடினால் புதியவர் அங்கே போய்ச் சேரவே நாலைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் பணம் திரும்பும் கதவு சாத்தியிருக்கும்.

அந்தக் கதவு சாத்துவதற்கு முன்பே யுக மாற்றத்தைப் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். அதில் எதைக் கவனிப்பது என்று தெரிய, கேம் எப்படி மாறியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முந்தைய பதிப்பான சிவிலைசேஷன் 6, சுருக்கமாகச் சிவ் 6, வந்தது 2016 அக்டோபரில். சிவ் 7 வந்தது 2025 பிப்ரவரி 11-ல். செய்தது அதே ஃபிராக்ஸிஸ், வெளியிட்டது அதே 2கே. இந்தத் தொடருக்கென்று ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே இருக்கும், ஒரு பங்கு மெருகேறும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்கும். இந்த முறை அந்தப் புதிய பங்கு, கட்டடத்தின் அஸ்திவாரத்தையே தோண்டி எடுத்திருக்கிறது.

ஆறில் நீங்கள் ரோமைத் தேர்ந்தெடுத்தால் கி.மு. 4000-ல் குடியேறியை இறக்குவதும் ரோம்தான், கடைசியில் ராக்கெட் விடுவதும் ரோம்தான். ஏழில் ஆட்டம் ஆன்டிக்விட்டி, எக்ஸ்ப்ளோரேஷன், மாடர்ன் என்று மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது. தலைவர் வேறு, நாகரிகம் வேறு. தலைவர் கடைசிவரை கூடவே வருவார். நாகரிகம் யுகத்துக்கு ஒன்றாக மாறும். அடுத்த யுகத்தில் எது கிடைக்கும் என்பது முந்தைய யுகத்தில் நீங்கள் ஆடியதைப் பொறுத்தது. எகிப்தை ஆடும்போது மூன்று குதிரை வளங்களைப் பிடித்து வைத்தால் அடுத்து மங்கோலியா கிடைக்கும். இல்லையென்றால் அப்பாஸிகள் போன்ற வழக்கமான வாரிசு.

இதைக் கேட்டதும் பலருக்கு எரிச்சல் வருவது 'எகிப்து எப்படி மங்கோலியா ஆகும்?' என்பதில்தான். ஆடிப் பழகினால் அது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. பெயரும் கட்டட பாணியும் மாறுகின்றன, பழைய நாகரிகத்தில் கற்ற சில மரபு அட்டைகள் கூடவே வருகின்றன, அவ்வளவுதான். நிஜமான அடி வேறு இடத்தில் விழுகிறது.

யுகம் முடியும் டர்னில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடந்துகொண்டிருந்த போர்கள் எல்லாம் நின்றுவிடும். எதிரியின் தலைநகருக்கு வெளியே கவண்பொறியோடு நின்றிருந்தாலும் அடுத்த டர்னில் அந்த முற்றுகை இல்லை. கட்டி முடிக்காத அதிசயத்துக்கு (பிரமிடு போன்ற உலகப் புகழ்பெற்ற கட்டடத்துக்கு) போட்ட உற்பத்தி வீண். வெளிவந்தபோது இருந்த விதிப்படி, தளபதிகளின் கீழ் அடங்கக்கூடிய படை அடுத்த யுகத்துக்கு வந்து சேரும், மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். தலைநகர் தவிர்த்த நகரங்கள் மீண்டும் டவுன், அதாவது உற்பத்தி வரிசை இல்லாத சிற்றூர், ஆகிவிடும். பொன் கொடுத்துத்தான் அவற்றைத் திரும்ப நகரமாக்க வேண்டும். பழைய யுகத்துக் கட்டடங்கள் பக்கத்துக் கட்டங்களால் வந்த கூடுதல் பலனை இழந்துவிடும். அவற்றின் மேலேயே புதிய கட்டடம் எழுப்புவதுதான் இனி வேலை. யுகம் கடந்தவை என்று குறியிட்ட கிடங்குகளும், அந்தந்த நாகரிகத்துக்கே உரிய தனிக் கட்டடங்களும்தான் தப்பிக்கும். மேப்பில் இருந்த வளங்களில் சில மறையும், சில புதிதாக முளைக்கும்.

இதை ஏன் செய்தார்கள் என்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆறில் 200 டர்ன் தாண்டியதும் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இருபது நகரங்களுக்கு டர்ன் தவறாமல் உத்தரவு கொடுப்பது ஆட்டம் இல்லை, கணக்குப்பிள்ளை வேலை. பலர் ஒரு ஆட்டத்தைக்கூட கடைசிவரை முடிப்பதில்லை என்று ஃபிராக்ஸிஸே சொல்லியிருக்கிறது. யுகத்துக்கு ஒருமுறை பலகையைக் கலைத்தால் முன்னால் ஓடுபவரின் வேகம் மட்டுப்படும், பின்தங்கியவருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும். நோயை அவர்கள் கண்டுபிடித்தது சரிதான். மருந்துதான் கொஞ்சம் காரம்.

எனவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: சிவ் ஆட்டத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? முதல் 100 டர்ன்தான், அதாவது மேப்பைத் திறப்பது, நல்ல இடமாகப் பார்த்துக் குடியேறுவது, அண்டை வீட்டாரைச் சமாளிப்பது என்றால், ஏழு அந்த இன்பத்தைக் கிட்டத்தட்ட மூன்று முறை தருகிறது. எக்ஸ்ப்ளோரேஷன் யுகத்தில் கடல் கடந்து புதிய கண்டங்கள் திறக்கும்போது முதல் டர்ன் உற்சாகம் உண்மையிலேயே திரும்பி வருகிறது. ஒரு நகரத்தை ஆதியிலிருந்து அந்தம்வரை செதுக்கி, 5,000 வருடம் கழித்து அதைப் பார்த்து ரசிப்பவர் என்றால், ஏழு உங்கள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும்.

யுக மாற்றத்தின் அடியைக் குறைக்க வழிகள் உண்டு, ஆனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மேலே ஓடும் யுக அளவுகோல் டர்னுக்கு டர்ன் ஏறுவதோடு, யாராவது ஒரு மைல்கல்லை எட்டினாலும் தாவும். 'இன்னும் பத்து டர்ன் இருக்கிறது' என்று மனக்கணக்குப் போட்டு அதிசயம் தொடங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான். கடைசிக் கட்டத்தில் புதிய படையைவிடப் புதிய தளபதி லாபம், ஏனென்றால் தளபதியும் அவர் பெற்ற பதவி உயர்வுகளும் யுகம் தாண்டி வரும். முதல் யுகத்தின் பொருளாதாரப் பாதையை (அந்தத் துறைக்கென்று கேம் வைக்கும் இலக்குகளின் வரிசையை) முழுதாக முடித்தால், அதற்குரிய பொற்காலப் பரிசை எடுத்து நகரங்கள் டவுனாக இறங்காமல் காத்துக்கொள்ளலாம். யுகத்தின் முடிவை நெருங்கும்போது கலகம், கொள்ளைநோய் போன்றவை தாக்கும் நெருக்கடிக் கட்டம் தொல்லை என்று தோன்றினால் ஆட்டம் தொடங்கும் முன்பே அமைப்புகளில் அணைத்துவிடலாம். முதல் ஆட்டத்தில் அணைத்து வைப்பதே நல்லது.

ஒரு தமிழ் வாசகர் நிச்சயம் கேட்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆம், சோழர்கள் இருக்கிறார்கள், தனியாகக் காசு கொடுக்காமல் அடிப்படைப் பதிப்பிலேயே. ஆறில் இந்தியா என்றால் ஒரே மூட்டைதான். காந்தி ஆண்டாலும் சந்திரகுப்தர் ஆண்டாலும் அதே வாரு யானை, அதே படிக்கிணறு. ஏழில் ஆன்டிக்விட்டிக்கு மௌரியர், எக்ஸ்ப்ளோரேஷனுக்குச் சோழர், மாடர்னுக்கு முகலாயர் என்று பிரித்திருக்கிறார்கள். சோழருக்குரிய கப்பலின் பெயர் கலம். தஞ்சைப் பெரிய கோயில் அவர்களோடு இணைந்த அதிசயம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு கட்டடங்களையும் ஒரே கட்டத்தில் எழுப்பினால் அது ஐந்நூற்றுவர் வட்டாரமாக மாறும். 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் பெயர் இருக்கும் வணிகக் குழுக்களை ஒரு அமெரிக்க நிறுவனத்து கேமில் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். கடல் வணிகம்தான் அந்த யுகத்தின் உயிர்நாடி என்பதால் சோழர் அங்கே பொருந்தவும் செய்கிறார்கள்.

ஆனால் ராஜராஜனையோ ராஜேந்திரனையோ தேடாதீர்கள். அடிப்படைப் பதிப்பில் சோழத் தலைவர் யாரும் கிடையாது. அசோகர் சோழ நாட்டை ஆளுவார், மனது வைத்தால் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஆளுவார். சோழர் ஆட்சி அந்த ஒரு யுகத்தோடு முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். சோழருக்காக மட்டும் இந்த கேமை வாங்குவது, தேருக்காகத் திருவிழா மைதானத்தையே விலைக்கு வாங்குவது மாதிரி.

புதியவற்றில் சந்தேகமில்லாமல் நல்லவை சில. நிலத்தைப் பண்படுத்த அனுப்ப வேண்டியிருந்த வேலையாட்களான பில்டர்கள் ஒழிந்தார்கள். மக்கள்தொகை கூடும்போது எந்தக் கட்டம் என்று காட்டினால் பண்ணையோ சுரங்கமோ தானே வந்துவிடும். புதிதாகக் குடியேறும் ஊர் டவுனாகத் தொடங்கும், அதன் உற்பத்தி பொன்னாக மாறும், வரிசை போட்டு உத்தரவு கொடுக்கத் தேவையில்லை. மக்கள்தொகை 7 ஆனதும் டவுனுக்கு ஒரு தொழிலைக் கொடுத்தால் உபரி உணவை இணைந்திருக்கும் நகரங்களுக்கு அனுப்பும். இதில் எல்லோரும் செய்யும் தவறு, எல்லா டவுனையும் நகரமாக்குவது. அப்படிச் செய்தால் நகரங்களுக்குச் சோறு அனுப்ப ஆள் இருக்காது. மூன்று நான்கு நகரம், அவற்றைச் சுற்றி டவுன்கள் என்று வைப்பது நல்ல தொடக்கம். குடியிருப்பு வரம்பை (எத்தனை ஊர் வைத்திருக்கலாம் என்று கேம் விதிக்கும் எண்ணிக்கையை) தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் எல்லா ஊர்களிலும் மகிழ்ச்சி 5 குறையும். ஒன்று தாண்டுவது தாங்கும், மூன்று தாண்டினால் கலகம்.

போர்தான் பெரிய முன்னேற்றம். தளபதி நான்கு படைகளைத் தனக்குள் அடக்கிக்கொண்டு ஒரே ஆளாக நடப்பார். போர்க்களம் வந்ததும் விரித்துவிடலாம். ஆறில் குறுகிய கணவாயில் பன்னிரண்டு படைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிய கொடுமை இங்கே இல்லை. அனுபவப் புள்ளி படைக்கு இல்லை, தளபதிக்குத்தான். படைகள் தளபதியின் வட்டத்துக்குள் நின்று போரிட்டால்தான் அவர் அதைப் பெறுவார், எனவே அவரை நகரத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள். பெரிய ஆறுகளில் கப்பல் விடலாம் என்பதும் உள்நாட்டு நகரங்களின் கணக்கையே மாற்றிவிட்டது.

ராஜதந்திரம் இப்போது இன்ஃப்ளூயன்ஸ் என்ற ஒரே நாணயத்தில் நடக்கிறது. ஒப்பந்தம், ஒற்று வேலை, போர் ஆதரவு, சுதந்திர ஊர்களை வளைப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் செலவு. 30 இரும்புக்கு 7 பொன், சரி 8, சரி 9 என்று கத்தரிக்காய் பேரம் பேசும் ஆறின் திரை போய்விட்டது. அந்தப் பேரத்தை ரசித்தவர்களுக்கு இது வெறுமையாகத் தோன்றும்.

இனி கோளாறுகள். வெளிவந்தபோது அதிகம் திட்டு வாங்கியது இடைமுகம். அந்தத் திட்டு நியாயமானதே. ஒரு எண் எங்கிருந்து வருகிறது, ஒரு கொள்கை அட்டையைப் போட்டால் எவ்வளவு கூடும் என்பதைத் திரை சொல்வதில்லை. கணக்குப் பார்த்து ஆட வேண்டிய கேமுக்கு இது சின்னக் குறை இல்லை. 'இன்னும் ஒரு டர்ன்' என்ற, இந்தத் தொடரின் மந்திரமே ஆன பொத்தான்கூட வெளியீட்டின்போது இல்லை. 2025 ஏப்ரல் பேட்சில்தான் (கேமைத் திருத்தும் புதுப்பிப்பில்தான்) வந்தது. பெரிய மேப் அளவுகளும், ஆட்டக்காரர்களே செய்த சேர்க்கைகளை (மாட்) பகிரும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பும் ஜூனில் வந்தன. ஆரம்பத்தில் கண்டங்கள் பலகையை வெட்டி வைத்தது மாதிரி சதுரமாக இருந்தன. பிறகு மேப் வகைகள் தேறியிருக்கின்றன. பிசியில் ஆடுபவர்கள் கொள்கை அட்டையின் பலனை எண்ணாகக் காட்டும் மாட் ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி எரிச்சல் தீரும். கன்சோல்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

பேட்சால் எளிதில் தீராதவையும் இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரேஷன் யுகத்தின் நான்கு பாதைகளில் பொருளாதாரமும் ராணுவமும் கடல் கடந்த நிலத்தை நம்பியே இருக்கின்றன. அந்த நிலத்துச் செல்வத்தைச் சுமக்கும் புதையல் கப்பல்களை ஓட்டிக்கொண்டு வந்து 30 புள்ளி சேர்ப்பது முதல் முறை சுவாரஸ்யம், ஐந்தாவது முறை சரக்கு லாரி ஓட்டுவது. மதம் அந்த ஒரு யுகத்துக்கு மட்டும்தான். மிஷனரியை அனுப்பி மதம் மாற்றுவதும், அவர்கள் அனுப்பி மாற்றுவதும், நாம் திரும்ப மாற்றுவதுமாகப் போகும். தடுக்க வழி இல்லாத கபடி இது. ஆறில் மதத்தால் ஜெயித்துப் பழகியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மாடர்ன் யுகம் சட்டென்று முடிந்துவிடுகிறது. கலாச்சார வெற்றிக்கு 15 தொல்பொருள் சேர்த்து உலகக் கண்காட்சி கட்டினால் ஆயிற்று, மற்றவர்கள் தொழிற்சாலை கட்டி முடிப்பதற்குள் ஆட்டம் ஓவர். இணையமும் பருவநிலை மாற்றமும் உள்ள ஆறின் கடைசிக் காலங்கள் இங்கே கிடையாது. உலகப் பேரவை, விசுவாசத்தால் நகரம் கைமாறுவது போன்றவையும் இல்லை.

நாகரிகம் மாறுவதே பிடிக்காதவர்களின் குரல் நிறுவனத்தின் காதிலும் விழுந்திருக்கிறது. ஒரே நாகரிகத்தை மூன்று யுகமும் ஆடும் வழியைச் சோதித்து வருவதாக 2025 இறுதியில் ஃபிராக்ஸிஸ் அறிவித்தது. உங்கள் தயக்கம் அந்த ஒன்றில் மட்டும் என்றால், வாங்கும் நாளில் கடைப் பக்கத்தின் பேட்ச் குறிப்புகளில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தொடரின் பழக்கமும் பொறுமைக்குச் சாதகம். சிவ் 5 முழுமை பெற்றது மூன்றாம் வருடத்து விரிவாக்கத்தோடு. ஆறும் 2018, 2019 விரிவாக்கங்களுக்குப் பிறகே இன்று நாம் புகழும் கேம் ஆனது.

கணினி விஷயத்தில் ஏழு அப்படியொன்றும் பேராசைக்காரன் இல்லை. குறைந்தபட்சம் ஐ3-10100 அல்லது ரைசன் 3 1200, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050, 20 ஜிபி இடம். நன்றாக ஓட ஐ5-10400, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2060. பெரிய மேப்பில் தாமதம் தெரிவது எதிராளிகள் டர்ன் எடுக்கும் நேரத்தில். அது கிராஃபிக்ஸ் அட்டையைவிடப் பிராசசரின் வேலை. பழைய ஸ்விட்சில் மேப் அளவுகள் குறைவு. அந்தக் கருவி மட்டும்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

பணம். அமெரிக்க விலையில் ஸ்டாண்டர்டு 69.99 டாலர், டீலக்ஸ் 99.99. அந்த 30 டாலர் வித்தியாசம் பெரும்பாலும் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு' தொகுப்புக்குத்தான்: கார்த்தேஜ், பிரிட்டன், பல்கேரியா, நேபாளம், கூடவே ஏடா லவ்லேஸும் சிமோன் பொலிவாரும். கேம் வெளிவந்த மறு மாதமே பிரிட்டனைத் தனி விலைக்கு விற்றது பலரைக் கடுப்பேற்றியது, அதில் தப்பும் இல்லை. முதலில் ஸ்டாண்டர்டு போதும். அதில் இருக்கும் நாகரிகங்களை ஒரு சுற்று ஆடி முடிக்கவே மாதங்கள் ஆகும். ரூபாய் விலையைக் கடைப் பக்கத்தில் பார்த்து, தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருங்கள். முழு விலை கொடுக்கும் அளவுக்கு அவசரமான கேம் இது இல்லை.

ஆறு மட்டும் வைத்திருந்து, விரிவாக்கங்கள் இல்லாதவர் என்றால் ஏழுக்கு முன் 'கேதரிங் ஸ்டார்ம்' வாங்குங்கள். அதில் 'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கத்தின் விதிமுறைகள் அடக்கம். அதன் நாகரிகங்களும் தலைவர்களும் அடக்கமில்லை. தள்ளுபடியில் இரண்டும் சேர்ந்த தொகுப்பு பெரும்பாலும் மிக மலிவாக வரும். மதம், கவர்னர், பருவநிலை எல்லாம் சேர்ந்த அந்த ஆறு, இன்றைய ஏழைவிட நிறைவான கேம்.

விரிவாக்கங்களோடு ஆறை ஆடித் தீர்த்து, 'கடைசி 100 டர்ன் சலிக்கிறது' என்று சொல்பவர்தான் ஏழின் சரியான வாடிக்கையாளர். அவருக்கான சோதனை இது.

ஸ்டீமில் ஸ்டாண்டர்டை வாங்குங்கள். முழுதாக இறங்கியபின், இடையூறு இல்லாத 2 மணி நேரம் கிடைக்கும் நாளில் மட்டும் திறங்கள். மெனுவில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் ஸ்டீம் எண்ணும், சாப்பிடப் போகும்போது திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அமைப்புகளில் பயிற்சிக் குறிப்புகளை அணையுங்கள், வேக நகர்வையும் வேகப் போரையும் போடுங்கள். புதிய ஆட்டத்தில் மேப் டைனி, கேம் வேகம் ஆன்லைன், யுக நீளம் அப்ரீவியேட்டட். தலைவர் அசோகர், நாகரிகம் மௌரியர். அப்படி எடுத்தால் அடுத்த யுகத்தில் சோழர் தானாகக் கிடைப்பார்கள். அதிசயம் கட்டும் ஆசையை அடக்கி, மூன்று ஊர் போட்டு, ஒரு தளபதியை எடுத்து, டர்னைத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் யுகம் புரண்டுவிட வேண்டும். இரண்டாவது யுகத்துக்கென்று இருபது நிமிடம் ஒதுக்கி, டவுனாக இறங்கிய நகரத்தைத் திரும்ப உயர்த்துங்கள், பழைய கட்டடத்தின் மேல் புதியதை எழுப்புங்கள், ஒரு கப்பலை மேற்கோ கிழக்கோ அனுப்புங்கள். அந்தக் கப்பல் எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். கலைந்துபோன பழைய பலகையையே மனம் நினைத்துக்கொண்டிருந்தால், ஸ்டீம் கடிகாரம் 1 மணி 50 நிமிடத்தைத் தொடும்போது மூடிவிட்டு ரீஃபண்ட் கேளுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் இறக்கத் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது என்பதால், இரண்டும் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைப் பிசியில் செய்யுங்கள்.